எழும்பும் வானுயர் கட்டடத்தைப் படமெடுப்பதில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கட்டுமானத்தில் இருக்கும் கட்டடம் யாருக்காகவும் நிற்காது. இந்த மாதம் வெறும் கான்கிரீட் தூண்களும் கம்பிகளுமாக நிற்கும் தளம் அடுத்த மாதம் கண்ணாடியைப் போர்த்திக்கொள்ளும். அதன்பின் அந்தக் கோலத்தை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. ஆகவே ஒரு படம் கெட்டுப்போனால், அது ஏன் கெட்டது என்பதை அடுத்த முறை கிளம்புவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும்.

பல ஆண்டுகளாக நகரத்தின் வான்கோடு மாறுவதைப் படமெடுத்து வருகிறேன். எனக்கும், படங்களைக் கொண்டுவந்து காட்டிக் கேட்பவர்களுக்கும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகள் இவை. உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியைத் தலைப்புகளில் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கையைக் கடிப்பது கடைசியில் வரும். முதலில் உள்ளதைச் சோதிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். புது லென்ஸ் வாங்கிய பிறகும் பழைய கோளாறு போகாமல் தவித்தவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

## கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரிகிறது

முதலில் ஒரு சோதனை. படத்தின் நடுவில் உள்ள செங்குத்துக் கோட்டைப் பாருங்கள்.

நடுக்கோடே சாய்ந்திருந்தால்: கேமரா பக்கவாட்டில் சரிந்திருக்கிறது. திரையில் மட்டக்கோட்டை இயக்கிக்கொண்டு எடுங்கள். எடுத்துவிட்ட படத்தைச் சுழற்றிச் சரிசெய்யலாம். வேலை முடிந்தது.

நடுக்கோடு நேராக இருந்து, இரு ஓரக் கோடுகளும் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்ந்தால்: கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். இதற்கு வழிகள் பல.

1. கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, அகன்ற கோணத்தில் எடுத்து, கீழே தேவையில்லாமல் விழும் சாலையை வெட்டிவிடுங்கள். செலவில்லை. பிக்செல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.
2. பின்னால் போங்கள். தொலைவு இரண்டு மடங்கானால் அண்ணாந்து பார்க்க வேண்டிய கோணம் ஏறக்குறையப் பாதியாகும்.
3. உயரே ஏறுங்கள். கட்டடத்தின் பாதி உயரத்தில் நின்று பார்க்க ஓர் இடம் கிடைத்தால் இந்தக் கோளாறே வராது. நடை மேம்பாலமோ வாகன நிறுத்தத்தின் மேல்தளமோ கிடைத்தால்கூட வித்தியாசம் தெரியும்.
4. மென்பொருளில் நிமிர்த்துங்கள். அதற்கென்று எடுக்கும்போதே இரு பக்கமும் இடம் விட்டிருக்க வேண்டும், ஏனெனில் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். மேல்தளங்கள் இழுக்கப்படுவதால் அங்கே கூர்மையும் குறையும். முழுக்க நிமிர்த்தாமல் துளி சாய்வை விட்டுவைப்பது என் வழக்கம். அண்ணாந்து பார்த்த கட்டடத்தைத் தூக்குக்குண்டு பிடித்ததுபோல் நிமிர்த்தினால், உச்சி பெருத்துத் தலைகீழ்க் கூம்பாகத் தோன்றும்.
5. ஷிஃப்ட் லென்ஸ். கேமராவை அண்ணாந்து பிடிக்காமலே, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி உச்சியை ஃப்ரேமுக்குள் கொண்டுவரலாம். நிக்கான் 1962இல் 35 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். விலை அதிகம். இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கட்டட நிறுவனத்துக்கோ வடிவமைப்பாளருக்கோ அளவு பிசகாத படம் தர வேண்டியிருந்தால், கட்டடப் புகைப்படக்காரரிடம் ஒப்படைப்பதே நியாயம்.

## சில மாதங்களில் கட்டடம் ஃப்ரேமைத் தாண்டி வளர்ந்துவிட்டது

தொடர் படம் எடுப்பவர்களை அழவைக்கும் கோளாறு இதுதான். பத்தாவது தளம் வரை அழகாக அடங்கிய கட்டடம் முப்பதாவது தளத்தில் மேல் விளிம்பை இடிக்கிறது. அப்போது லென்ஸை மாற்றினால் முந்தைய படங்களோடு பொருந்தாது, மாற்றாவிட்டால் உச்சி இல்லை. எடுத்த பிறகு இதற்கு முழு மருந்து கிடையாது. தொடங்கும் முன் ஒரு கணக்குப் போட்டால் தப்பிக்கலாம்.

முழு ஃப்ரேம் கேமராவை (36 × 24 மி.மீ. சென்சார் உள்ளது) நெடுக்காக நிறுத்தி, அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பிடித்தால், கேமரா மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் அடங்கும் என்பதற்கான கணக்கு இது: 18ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, தொலைவால் பெருக்குங்கள். 24 மி.மீ. லென்ஸுக்கு 18 ÷ 24 = 0.75. 400 மீட்டர் தொலைவில் நின்றால் 300 மீட்டர் வரை அடங்கும். அதே இடத்தில் 50 மி.மீ. லென்ஸ் வைத்தால் 0.36, அதாவது 144 மீட்டர்தான். கேமராவைக் குறுக்கில் பிடித்தால் 18க்குப் பதில் 12 போடுங்கள்.

கட்டடத்தின் இறுதி உயரம் பெரும்பாலும் கட்டுமான இடத்தின் அறிவிப்புப் பலகையிலேயே இருக்கும். தளங்களின் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால், தளத்துக்கு 4 மீட்டர் என்று தாராளமாகக் கணக்கிடுங்கள். பலரும் மறப்பது டவர் கிரேனை. அது எப்போதும் கட்டடத்தின் தலைக்கு மேலே நிற்கும். அதற்கும் சேர்த்து மேலே காலியிடம் விடுங்கள். முதல் மாதங்களில் படத்தின் முக்கால்வாசி வெறும் வானமாக இருப்பது மனத்துக்கு உறுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள், கட்டடம் வந்து அதை நிரப்பும்.

ஏற்கெனவே இடித்துவிட்டது என்றால்: அதே இடத்தில் நின்று அகன்ற லென்ஸுக்கு மாறுங்கள். பார்வைப் புள்ளி மாறாதவரை, புதிய படத்தை வெட்டிப் பழைய படத்தோடு பொருத்த முடியும். பின்னால் நகர்ந்துவிட்டால் முடியாது.

## படம் கூர்மையாக இல்லை

நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எப்படி மங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாப் பொருளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைவுதான் காரணம். முக்காலியின் நடுத்தண்டை இறக்குங்கள். காற்றில் படபடக்கும் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். 2 வினாடி டைமர் வையுங்கள். முக்காலியில் இருக்கும்போது அதிர்வுத் தடுப்பை அணைத்தும் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். சில லென்ஸ்களில், அசையாத கேமராவை அது தானே அசைத்துவிடும். மேம்பாலத்தில் நின்றால் கனரக வண்டி கடந்து அதிர்வு அடங்கும்வரை காத்திருங்கள்.

முன்னால் இருக்கும் மரமோ கம்பியோ கூர்மையாகவும் கட்டடம் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. லென்ஸ் வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்பிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். பல லென்ஸ்களில் வளையம் அதையும் தாண்டிப் போகும். லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியில், பத்து மடங்கு பெரிதாக்கி, கிரேனின் குறுக்குக் கம்பிகளைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். அந்தப் பின்னல் கம்பிகளைவிட நல்ல ஃபோகஸ் இலக்கு நகரத்தில் இல்லை.

கட்டடத்தின் விளிம்புகள் நீருக்குள் இருப்பதுபோல் நெளிந்திருந்தால் அது வெப்பக் காற்று. லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பு நடுங்குவது கண்ணுக்கே தெரியும். இதற்கு எந்த லென்ஸும் மருந்தாகாது. விலை உயர்ந்த டெலி லென்ஸ் இந்த நெளிவை இன்னும் பெரிதாக்கித்தான் காட்டும். விடிந்தவுடன் எடுங்கள், அல்லது கிட்டப் போங்கள். தார்ச்சாலைக்கும் தகரக் கூரைகளுக்கும் மேலாகப் பார்வை போகாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். வேறு வழியில்லையெனில் அடுத்தடுத்து இருபது படங்கள் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

எல்லாம் ஒரே அளவில் மெலிதாக மங்கியிருந்தால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளை அளவைப் பாருங்கள். எஃப்/22 வரை மூடியிருந்தால் எஃப்/8க்குத் திரும்புங்கள். தொலைவில் உள்ள கட்டடத்துக்கு அதற்கு மேல் மூட வேண்டியதில்லை.

ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கல் என்றால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை எடுங்கள். மங்கல் கேமராவோடு சேர்ந்து மறுபக்கம் போனால், லென்ஸின் கண்ணாடி விலகியிருக்கிறது. அதைப் பழுது நீக்கும் மையத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் திருகாணியைத் தொடாதீர்கள்.

## வெளுத்த மூட்டம் போர்த்தியதுபோல் இருக்கிறது

முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். கைரேகை படிந்த கண்ணாடியைப் புகைமூட்டம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. அடுத்து, சூரியன் எங்கே என்று பாருங்கள். எதிரே இருந்தால் லென்ஸ் மறைப்பைப் போடுங்கள், அல்லது சூரியன் முதுகுப் பக்கம் வரும் வேளைக்கு மாறுங்கள்.

மூட்டம் உண்மையிலேயே காற்றில் இருந்தால், மழை விட்ட மறுநாள் காலையைவிடச் சிறந்த ஃபில்டர் கிடையாது. அதற்காக நாள் கணக்கில் காத்திருக்கலாம், தகும். போலரைசர் ஃபில்டர், சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். அகன்ற லென்ஸில் மட்டும் எச்சரிக்கை தேவை, வானத்தின் ஒரு பகுதி கறுத்து மறுபகுதி வெளுத்துப் போகும். மென்பொருளில் மூட்டத்தை நீக்கும் வசதியைப் பாதிக்கு மேல் இழுத்தால், இரைச்சலும் தூசிப் புள்ளிகளும் கூடவே எழுந்து வரும். மெல்லிய மூட்டமெனில் சிவப்பு அலைவரிசையை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நீல அலைவரிசையில் தொலைந்துபோன தளங்கள் அதில் தெரியும்.

## வானம் வெளுத்துவிட்டது, கட்டடம் கரிக்கட்டையாகிவிட்டது

ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால் நிழலை உயர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும். ஜேபெக் மட்டும் இருந்தால், வெளுத்த வானத்தை மீட்க முடியாது. அடுத்த முறை, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது விளிம்பை இடிக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) மூன்று படங்கள் எடுத்து இணைக்கலாம். இணைத்த படத்தில் கிரேனுக்கு இரண்டு கைகள் முளைத்திருந்தால், முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் இடையே அது திரும்பியிருக்கிறது. இணைக்கும்போது இரட்டை உருவம் நீக்கும் வசதியை இயக்குங்கள். அப்படியும் போகாவிட்டால் நடுப்படத்தில் உள்ள கிரேனை மட்டும் முகமூடியிட்டு மேலே வையுங்கள். கிரேன் சுமையை இறக்கி நிற்கும் கணத்தில் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதைவிட எளிய வழி பொழுதை மாற்றுவது. சூரியன் மறைந்து, தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை உள்ள அந்திப்பொழுதில், வானமும் வேலை விளக்குகளும் சில நிமிடங்களுக்கு ஒரே அளவு வெளிச்சத்துக்கு வரும். அந்தச் சில நிமிடங்களுக்காக அரைமணி முன்பே முக்காலியை ஊன்றிக் காத்திருங்கள்.

## ஜன்னல் வழியே எடுத்தால் அறை தெரிகிறது

அறை விளக்குகளை அணையுங்கள். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடுங்கள். இந்த இரண்டே பெரும்பாலும் போதும். ரப்பர் லென்ஸ் மறைப்பு கிடைத்தால் நல்லது. வானவில் போன்ற திட்டுகள் வந்தால் போலரைசரைக் கழற்றுங்கள், பதப்படுத்திய கண்ணாடியில் அது அப்படித்தான் செய்யும். விளக்குகள் இரட்டையாகத் தெரிந்தால் அது இரட்டைக் கண்ணாடி ஜன்னல். சாய்வாகப் பார்க்காமல் நேருக்கு நேராக எடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஜன்னலை மாற்ற வேண்டியதுதான்.

## இரவுப் படத்தில் கறுப்புப் பட்டைகள், அல்லது எச்சரிக்கை விளக்கு காணவில்லை

பட்டைகள் என்றால் எல்இடி விளக்கின் துடிப்பு. மின்னணு ஷட்டரை விட்டு இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/125 வையுங்கள். முக்காலி இருந்தால் சில வினாடிகள் திறந்து வைத்தாலே பட்டை மறைந்துவிடும்.

கிரேன் உச்சியிலும் கட்டடத்தின் தலையிலும் விமானங்களுக்காக மினுக்கும் சிவப்பு விளக்கு ஒரு படத்தில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போனால், அது அணைந்திருந்த கணத்தில் எடுத்திருக்கிறீர்கள். அந்த விளக்குகள் பொதுவாக நிமிடத்துக்கு 20 முதல் 60 முறை மினுக்கும். 4 வினாடி திறந்தால் ஒரு மினுக்காவது விழும்.

## மாதாமாதம் எடுத்த படங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

1887 முதல் 1889 வரை ஈபிள் கோபுரம் எழும்பியதைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்தவர் லூயி எமில் துராந்தெல். அத்தகைய படங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் கோபுரம் கண்முன் வளர்வதற்குக் காரணம், நிற்கும் இடத்தின் மேல் இருந்த பிடிவாதம். நமக்கும் அதுவே தேவை.

இரண்டு மாதங்களின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள்.

எல்லாம் சேர்ந்து நகர்ந்தோ சுழன்றோ இருந்தால் கேமராவின் திசை மாறியிருக்கிறது. மென்பொருளின் தானியங்கிப் பொருத்தம் சரிசெய்துவிடும். பொருத்தும் புள்ளிகளாக மாறாத பழைய கட்டடங்களின் மூலைகளைத் தாருங்கள். வளரும் கட்டடத்தைத் தந்தால் மென்பொருள் குழம்பும்.

அளவு மாறியிருந்தால் ஜூம் வளையம் நகர்ந்திருக்கிறது. கோப்பில் பதிவான குவியத் தூரத்தை ஒப்பிடுங்கள். இனி வளையத்தை நாடாவால் ஒட்டிவிடுங்கள், அல்லது ஜூம் இல்லாத லென்ஸுக்கு மாறுங்கள்.

தூரத்துக் கட்டடங்கள் பொருந்தி, அருகில் உள்ளவை மட்டும் பொருந்தாவிட்டால் நீங்கள் நின்ற இடம் மாறியிருக்கிறது. இதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. 6000 பிக்செல் அகலப் படத்தில், 24 மி.மீ. லென்ஸோடு, கேமரா 10 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் 400 மீட்டர் தொலைவில் உள்ள கட்டடம் ஒரே ஒரு பிக்செல் நகரும். 2 மீட்டர் முன்னால் உள்ள கைப்பிடிக் கம்பியோ 200 பிக்செல் தாவும். முதல் ஆண்டில் எனக்கு நேர்ந்தது இதுதான். மேம்பாலக் கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருந்த ஓர் இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு எட்டு மாதம் எடுத்தேன். ஒன்பதாம் மாதம் போனபோது கைப்பிடி முழுக்கப் புதுப் பச்சைப் பெயின்ட் பளபளத்தது, என் அடையாளம் அதற்கடியில் போயிருந்தது. அன்று முதல் ஆணித்தலையையோ இணைப்புத் தகட்டையோதான் அடையாளமாகக் கொள்கிறேன். அங்கிருந்து முக்காலியின் மூன்று கால்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்கிறேன். அருகில் உள்ள எதையும் ஃப்ரேமுக்குள் விடுவதும் இல்லை.

இடம் பொருந்தியும் படங்கள் ஒரே கட்டடமாகத் தோன்றாவிட்டால் வெயிலைக் கவனியுங்கள். ஆண்டின் இரு முனைகளுக்கு இடையே நண்பகல் சூரியனின் உயரம் 47 பாகை வரை மாறும், நிழல்கள் எங்கெங்கோ போகும். மேகமூட்டமான நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் தொடர் அமைதியாக இருக்கும். அழகு குறையலாம், கட்டடம் வளர்வது மட்டும் தெளிவாகத் தெரியும். எனக்கு அதுதான் வேண்டும்.

## டைம்லேப்ஸ் காணொளி துடிக்கிறது

டைம்லேப்ஸ் என்பது இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் காணொளி. அது துடித்தால் தானியங்கி எல்லாவற்றையும் அணையுங்கள்: ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ், வெளிச்ச அளவு. அப்படியும் துடித்தால் அபெர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு முறையும் மயிரிழை வேறுபட்டு மூடுகின்றன. லென்ஸை முழுக்கத் திறந்தோ, கையால் அபெர்ச்சர் திருப்பும் பழைய லென்ஸை வைத்தோ எடுங்கள். எடுத்து முடித்த தொடருக்குத் துடிப்பு நீக்கும் மென்பொருள் இருக்கிறது.

## நிறுவி வைத்த கேமரா நின்றுபோனது

பெரிய கட்டடம் ஆண்டுக்கணக்கில் எழும்பும். புர்ஜ் கலீஃபாவுக்கு 2004இல் தோண்டத் தொடங்கி 2010 ஜனவரியில் திறந்தார்கள். அவ்வளவு காலம் ஒரு பெட்டிக்குள் கேமரா உயிரோடு இருப்பது எளிதல்ல. இந்த வரிசையில் பாருங்கள்.

- மின்சாரம்: வயர் இணைப்பு, அடாப்டர், பிறகு பேட்டரி.
- மெமரி கார்டு நிறைந்துவிட்டதா? கோப்பு எண் 9999ஐத் தாண்டி 0001க்குத் திரும்பியிருந்தால், ஒரே கோப்புறையில் நகலெடுக்கும்போது பழைய படங்களின் மேல் புதியவை எழுதப்படும். மாதத்துக்கு ஒரு கோப்புறை வையுங்கள்.
- கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா? உள்பேட்டரி தீர்ந்தால் தேதி தொடக்கத்துக்குப் போய்விடும்.
- பெட்டிக்குள் பனி பூத்திருக்கிறதா? சிலிக்கா ஜெல் பைகளை மாற்றி, மூடியின் ரப்பர் வளையத்தில் விரிசல் தேடுங்கள்.
- ஷட்டர் தேய்ந்துவிட்டதா? நாளைக்குப் பத்து மணி நேரம் அரைமணிக்கு ஒரு படம் என்றால் ஆண்டுக்கு 7,300 படம், 24 ஃப்ரேம் வேகத்தில் ஐந்து நிமிடக் காணொளி. நிமிடத்துக்கு ஒன்று என்றால் 2,19,000. ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று ஆயுள் குறிக்கப்பட்ட ஷட்டர் ஓராண்டிலேயே போய்விடும். மாற்றுவது பழுது நீக்குபவரின் வேலை.

கேமரா நிற்காமல் படம் மட்டும் கெட்டால் பெட்டியின் கண்ணாடியைப் பாருங்கள். ஒருமுறை ஏழு நாள் படங்களில் கட்டடத்தின் உச்சி மட்டும் பால் தெளித்ததுபோல் இருந்தது. லென்ஸ் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். ஏறிப் பார்த்தால், கண்ணாடியின் மேல் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு சிலந்தி வலை. சாய்வெயில் பட்டதும் ஒவ்வொரு இழையும் வெள்ளிக் கம்பியாக ஒளிர்ந்தது. தூரிகை ஒன்றால் தீர்ந்துபோன கோளாறு அது. எல்லாப் படத்திலும் வானத்தில் ஒரே இடத்தில் வட்டப் புள்ளி இருந்தால் சென்சாரில் தூசி. எஃப்/16இல் வெறும் வானத்தை எடுத்து உறுதிசெய்துகொண்டு, கையால் அழுத்தும் ஊதுபந்தால் ஊதுங்கள். அழுத்தக் காற்றுக் குடுவை வேண்டாம், வாயாலும் ஊத வேண்டாம். ஊதியும் போகாத தூசியைச் சுத்தம் செய்ய ஆளிடம் கொடுங்கள்.

விளிம்புச் சுவரிலோ சாரத்திலோ கேமரா இருந்தால், மேற்கண்ட எதற்கும் தனியாக ஏறாதீர்கள். கட்டுமான இடத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, அவர் அனுப்பும் ஆளோடு ஏறுங்கள். கிரேன் சுழலும் இடத்தில் ட்ரோன் பறக்கவிடுவதும் உரிமம் பெற்றவரின் வேலை.

கடைசியாக, கார்டைக் கணினியில் செருகியதும் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டை வெளியே எடுத்து வேறு ரீடரில், வேறு கணினியில் செருகிப் பாருங்கள். திறந்தால் முதல் வேலையாக எல்லாவற்றையும் நகலெடுங்கள். திறக்காவிட்டால், அதில் ஒரு படம்கூடப் புதிதாக எழுதாமல், மீட்பு மென்பொருளை ஓட்டி, மீண்டவற்றை வேறு வட்டில் சேமியுங்கள். எந்தக் கணினியும் கார்டையே அடையாளம் காணாவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொண்டு, தரவு மீட்கும் நிபுணரிடம் கொண்டுபோங்கள். செலவு அதிகம்தான். அந்தக் கார்டில் இருப்பது கண்ணாடி போர்த்துவதற்கு முந்தைய வாரங்கள் என்றால் நான் யோசிக்காமல் கொடுத்துவிடுவேன்.